அம்மாவையும் போடுங்கோ

"அம்மாவையும் போடுங்கோ, அண்ணை."

கணக்காளர் சச்சிதானந்தன் பேனையை மேசையில் வைத்தார். 2007 ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை. லண்டன் மோர்டனில் அவருடைய சின்ன ஒபிசில் வரிப் படிவம் நிரப்ப ஏழு பேர் காத்திருந்தார்கள். நம்மவர்களுக்குத் தவணையின் கடைசி வாரத்தில்தானே வரி ஞாபகம் வரும்.

"அம்மாவை எங்க போடுறது?"

"படிவத்திலதான். என்னோடதான் இருக்கிறா. சாப்பாடு, மருந்து, உடுப்பு எல்லாம் நான்தான். ஜேர்மனியில எட்டு வருசம் இதுக்கு டாக்ஸ் குறைச்சவங்கள்."

எதிரே இருந்த பெனடிக்ற் இரண்டு வருடத்துக்கு முன் ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டவர். அங்கிருந்து வருகிற எல்லோரும் ஒரு தரமாவது இதைக் கேட்பார்கள். பதில் சொல்லியே சச்சிதானந்தனுக்கு அலுத்துவிட்டது.

"தம்பி, இது இங்கிலாந்து. இஞ்ச தாய் தகப்பனைப் பார்க்கிறதுக்கு ஒரு சதமும் குறைக்க மாட்டாங்கள்."

மேசையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து அவருடைய அப்பா.

"தம்பி, குளிருது. ஹீட்டரைப் போடட்டோ? காசு கூட வருமோ?"

"அப்பா, வேலை நேரத்தில எடுக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? போர்வையைப் போர்த்திக்கொண்டு இருங்கோ."

போனை வைத்த கையோடு பெனடிக்ற்றிடம் திரும்பினார்.

"பெத்த தாய்க்குச் சோறு போட அரசாங்கத்திட்டக் கூலி கேக்கிறீரே, வெக்கமா இல்லையோ?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளோடு இருந்த குமுதினிக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா திண்ட சோத்துக்கு பில் வைச்சிருக்கிறீங்களோ, அண்ணை?"

மறுபடியும் சிரிப்பு. பெனடிக்ற் எழுந்து போகவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"சரி, காசு வேண்டாம். அம்மாவால டாக்ஸ் குறைஞ்சதெண்டு ஒரு கடிதம் மட்டும் அடிச்சுத் தாங்கோ."

"கள்ளக் கடிதமோ? என்ர ஒபிசை இழுத்து மூடவோ?"

"டாக்ஸ் ஒபிசுக்கு இல்லை, அண்ணை. வீட்டுக்கு."

"வீட்டுக்கோ?"

"ஜேர்மனியில வருசா வருசம் அந்தக் கடிதம் வரும். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவன். உங்களாலதான் இவ்வளவு மிச்சம் எண்டு சொல்லுவன். அண்டைக்கு ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிடுவா. தன்ர வரும்படியிலதான் மகன் வாழுறான் எண்டு சேர்ச் முழுக்கச் சொல்லித் திரிவா."

பெனடிக்ற் படிவத்தைத் தள்ளி வைத்தார்.

"இஞ்ச வந்தாப் பிறகு கடிதம் இல்லை. இப்ப ஒரு நேரம்தான் சாப்பிடுறா. நான் கடைக்குப் போனதும் ஹீட்டரை நிப்பாட்டிப் போடுறா. உனக்கு நான் பாரம் எண்டு, இந்தச் சண்டைக்குள்ள யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகப்போறாவாம். நேற்று டிக்கெற் விலை விசாரிச்சுப்போட்டா."

குமுதினி சப்பாத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

சச்சிதானந்தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அம்மாவின்ர பேர்?"

"மரியநாயகி."

"தமிழிலயோ, இங்கிலீசிலயோ?"

"இங்கிலீசில. அப்பதான் நம்புவா."

"எவ்வளவு மிச்சம் எண்டு போட?"

"ஆயிரத்து இருநூறு பவுண்ஸ் போதும். கூடப் போட்டால் சங்கிலி கேப்பா."

கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்து வைத்து, அழகுக்கு ஒரு முத்திரையும் குத்திக் கொடுத்தார். பெனடிக்ற் பர்சை எடுக்க, "போம், போம். கொண்டுபோய் வாசிச்சுக் காட்டும்" என்று துரத்திவிட்டார்.

குமுதினி பெட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறும், பிள்ளை."

திரையில் அந்தக் கடிதம் அப்படியே இருந்தது. மரியநாயகி என்ற பெயரை அழித்தார். அந்த இடத்தில் சதாசிவம் என்று அடித்தார். பிறகு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"அப்பா, ஹீட்டரைப் போடுங்கோ. உங்கட பேரில ஒரு கடிதம் வந்திருக்கு."