மதிலுக்கு வெளியே

புல்லட் சத்தம் கோயில் மதிலை ஒட்டி வந்து சட்டென்று நின்றது.

தோல்பாவைக் கூத்து நடத்திக்கொண்டிருந்த அவர் பாட்டை நிறுத்தவில்லை. யாருடைய வண்டி என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

குஞ்சப்பன் கூத்துமாடத்துக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இருபது வருஷமாக அவருக்குப் பின்பாட்டுப் பாடுகிறவன்.

"உங்க மச்சினன் தண்டபாணி, மாமா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரா வந்திருக்கான் போல. மதிலுக்கு வெளியவே நிக்கறான். கூப்பிட்டா வரமாட்டேங்கறான்."

தீட்டுக்காரன் பகவதி கோயில் முற்றத்தை மிதிக்கமாட்டான்.

அவர் மனைவி மூன்று நாளாக அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சேதி காதில் விழுந்தால் அவருக்கும் தீட்டு. அந்த நொடியே தோல்பாவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். ராமனுக்கு முடி சூட்டாமல் கூத்து நின்றுவிடும்.

தாரிகன் என்ற அசுரனை அழிக்கப் போனதால் ராவண வதத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத பகவதிக்கு, வருஷாவருஷம் அதை நிழலில் காட்டுகிற வழிபாடு இது. முற்றத்தில் ஒரு ஆள் இல்லை. பார்க்க அவள் ஒருத்திதான்.

"வாயைத் திறக்காதேன்னு சைகை காட்டிட்டேன்," என்றான் குஞ்சப்பன். "நீங்க பட்டாபிஷேகத்தை முடிங்க."

தலையசைத்தார்.

முடி ஏறியது. வெண்குடை உயர்ந்தது.

இருபத்தோரு விளக்கும் திரைக்குப் பின்னால் சீராக எரிந்தன. ஒரு திரி அவர் விரலைச் சுட்டது. கொஞ்சம் கழித்துத்தான் கையை எடுத்தார்.

மங்களம் பாடக் குஞ்சப்பன் தொண்டையைச் செருமினான்.

அவர் மங்களம் எடுக்கவில்லை. குடைக்குப் பொருள் சொல்லத் தொடங்கினார்.

பிறகு குடைக் காம்புக்கு.

காம்பைப் பிடித்த பரதனுக்கு.

பரதன் அண்ணனுக்காகக் காத்திருந்த பதினான்கு வருஷத்துக்கு. ஒவ்வொரு வருஷமாக.

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான்காம் வருஷத்தில் திரை வெளுத்தது. பாவைகளின் நிழல் கரைந்துகொண்டிருந்தது.

"மாமா, விடிஞ்சிருச்சு. அம்மனுக்கே கொட்டாவி வந்திருக்கும். மங்களத்தைப் பாடிருங்க. அந்தப் பய எவ்வளவு நேரம்தான் நிப்பான்?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஊத்து. முடிச்சா அவன் சொல்லிருவானே, குஞ்சப்பா."