பட்டைக்கு அடியில்

"பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

கார்க்கார அம்மாள் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

"ஆகாதும்மா. பதினோரு வருஷமா இதே வேலை. கார் மேல ஒட்டினது எதுவா இருந்தாலும் எடுப்பேன், ஒரு கீறல் விழாது. விழுந்தா அந்தக் கதவுக்கு என் செலவுல புது பெயிண்ட். சுவத்துல எழுதியே மாட்டியிருக்கேன், பாருங்க" என்றாள் நரம்பக்கா.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தூண்டில் நரம்பைக் கொண்டே காரின் பட்டை, எழுத்து, சின்னம் எல்லாவற்றையும் பிரித்து எடுப்பதால் கடைத்தெரு அதை மறந்துவிட்டது. கத்தியும் ஸ்க்ரூடிரைவருமாகக் காரிடம் போகிறவர்களை அவள் ஆளாகவே மதிப்பதில்லை.

வெள்ளைக் கார். இரண்டு பக்கக் கதவுகளிலும் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டை. ஒரு நுனி கிளம்பி, வேகமெடுத்தால் விசிலடித்தது.

"இருந்துட்டுப் போகட்டுமே. மாப்பிள்ளை ஆசையா ஒட்டிக் கொடுத்தது" என்றார் அம்மாளின் கணவர்.

"மூணு வருஷமா இதே பாட்டு" என்றாள் அம்மாள். "மாப்பிள்ளைன்னா இவருக்கு உயிர். அவரும் வாராவாரம் வந்து என் காரைக் கழுவி, இவர் சொல்ற எடுபிடி வேலையெல்லாம் செஞ்சுட்டுத்தான் போவார். தங்கமான மனுஷன்."

பக்கத்திலேயே நின்றிருந்த அந்தத் தங்கமான மாப்பிள்ளை வேப்பெண்ணெய் குடித்தவர்போல் சிரித்தார். நரம்பக்கா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனதும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அக்கா, அந்த முன்கதவுப் பட்டைக்கு அடியில ஒரு கீறல் இருக்கு."

"நெனச்சேன்."

"ஒரு நாள் காரை இரவல் வாங்கினேன். மாமாதான் தெருவுல கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் கொடுத்தார். போன எடத்துல எறங்கிப் பார்த்தா முழ நீளத்துக்குப் பச்சையா ஒரு கோடு. எங்க உரசினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அத்தைக்கு இந்தக் கார்னா மூணாவது கண்ணு. பயந்து போய் இதை வாங்கி ஒட்டி, பரிசுன்னு சொல்லிட்டேன்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எடுக்கும்போது கை தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க. செலவு என்னுது."

"செலவு உங்களுது, பேர் என்னுது. நடக்காது சார்."

நரம்பக்கா வேலையைத் தொடங்கினாள். சோப்புத் தண்ணீரால் கழுவினாள். முடி உலர்த்தும் கருவியால் பட்டையைச் சூடாக்கினாள். கை பொறுக்கும் சூடுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் பெயிண்ட் கோபித்துக்கொள்ளும். பசை இளகியதும் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்தாள். மூன்று கதவுகள் கண்ணாடியாக வந்தன.

பெரியவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அந்த முன்கதவை மட்டும் விட்டுட்டா என்னம்மா? ஞாபகத்துக்கு ஒண்ணு இருக்கட்டுமே."

மருமகனைக் காப்பாற்ற மாமனார் என்ன பாடுபடுகிறார் என்று நரம்பக்காவுக்கே மனம் இளகிவிட்டது. ஆனால் பதினோரு வருஷப் பேரை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க" என்று கூப்பிட்டு, நான்காவது பட்டையையும் இழுத்தாள்.

பசைக்கு அடியில் முழ நீளத்துக்குப் பச்சைக் கோடு.

அம்மாள் கோட்டைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். "ஒரு கீறல் விழாதுன்னியே?"

நரம்பக்கா வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை முன்னால் வந்துவிட்டார்.

"அவங்க மேல தப்பில்ல அத்தை. நான் காரை எடுத்துட்டுப் போன அன்னிக்கே விழுந்தது. மறைக்கத்தான் ஒட்டினேன்."

"உள்ளதுதாம்மா" என்றாள் நரம்பக்கா, நிம்மதியாக. "பாருங்க, கீறலுக்குள்ளேயே பசை எறங்கிக் காய்ஞ்சிருக்கு. ஒட்டறதுக்கு முன்னாடி விழுந்த கீறல் இது. இந்தப் பச்சையும் கார் பெயிண்ட் இல்ல. இரும்புக்கு அடிக்கிற பெயிண்ட்."

அம்மாள் குனிந்து நகத்தால் அந்தப் பச்சையைச் சுரண்டினாள். மருமகனைத் திட்டப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அன்னிக்குக் காரை நம்ம கேட்டுக்குள்ள இருந்து வெளியே எடுத்தது யாரு மாப்பிள்ளை?"

"மாமாதான் அத்தை."

அம்மாள் நிமிர்ந்து கணவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நம்ம கேட்டு பச்சைதானே? அன்னிக்குச் சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள, துரு புடிச்சிருக்குன்னு அவசர அவசரமா அதுக்குக் கறுப்பு அடிச்சு வெச்சிருந்தீங்களே, ஏன்?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றிருந்த பெரியவர், கீழே கிடந்த பட்டையை மெல்ல எடுத்துத் தூசி தட்டி, நரம்பக்காவிடம் நீட்டினார்.

"இதைத் திரும்ப ஒட்ட முடியுமாம்மா?"