போன்லயே சொல்றேன்

"சென்றாயன் ஊடுங்களா? நாமக்கல்ல இருந்து டாக்டர் ஜீவானந்தம் பேசறேன்."

"டாக்டருங்களா?" மறுமுனையில் ஒரு பெண் குரல். "நான் அவரு சம்சாரம் கண்ணாயிங்க. சொல்லுங்க சாமி."

ஜீவானந்தம் மேசையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். அது வந்து ஒன்பது நாளாகிவிட்டது. ஈரலில் புற்றுநோய், முற்றிய நிலை. 'இந்த உடம்போட கொல்லிமலையில இருந்து பஸ்ல இறங்கி வர வேண்டாம். நல்லதோ கெட்டதோ நானே போன்லயே சொல்றேன்' என்று சென்றாயனுக்கு வாக்குக் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். தினமும் நம்பரை எடுப்பார். அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டால் அப்பாடா என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"அம்மா, முதல்ல உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"எங்கிட்ட வேண்டாமுங்க. அவருகிட்டயே சொல்லிருங்க. எதுன்னாலும் தன் காதாலதான் கேக்கோணும்னு சொல்லியிருக்காரு."

"தாங்குவாருங்களா?"

"இனித் தாங்குவாருங்க. இருங்க, காதுல வெக்கறேன்."

யாரோ நகர்ந்து வழிவிடும் சத்தம் கேட்டது.

"சென்றாயன், கேக்குதுங்களா?"

பதில் இல்லை. களைத்துப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் இன்னிக்குத்தாங்க வந்துச்சு" என்று பொய்யோடுதான் ஆரம்பித்தார். ஈரலின் நிலையைச் சொன்னார். ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார். "வலி தெரியாம இருக்க மாத்திரை தாரேன். நர்ஸ் ஊட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க. மிளகுக் கொடியை மத்தவங்க பாத்துக்கட்டும். யாரையாச்சும் பாக்கோணும்னு இருந்தா வரச் சொல்லிப் பாத்துருங்க." ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "என்னால ஆனது இவ்வளவுதாங்க. மன்னிச்சுக்கங்க."

ஒரு முனகல்கூட வரவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"சொல்லிட்டீங்களா சாமி?" கண்ணாயி போனை எடுத்திருந்தாள்.

"சொல்லிட்டேங்கம்மா. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசலையே... மாத்திரையை இன்னிக்கே அனுப்பறேன்."

"மாத்திரை வேண்டாமுங்க. கோழி கூப்பிடற நேரத்துலயே உசுரு போயிருச்சு." அவள் குரல் உடைந்தது. "டாக்டரு கூப்பிட்டாரா, கூப்பிட்டாரான்னு இந்தப் போனைக் கீழ வெக்காமயே கெடந்தாருங்க. கேக்காமயே போயிரக் கூடாதுன்னுதான், அவரை எடுக்கறதுக்கு முன்னால காதுல வெச்சேன்."