வெளுத்த தாள்

"திரும்பவும் வெளுப்பாவே வந்திருக்கே!"

பெட்டியிலிருந்து தாளை எடுத்துப் பார்த்த நீலகண்டனுக்கு அலுத்துப்போனது. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள புகையையும் தூசியையும் தாளில் பிடிக்கிற பெட்டி அது. தாள் கறுத்தால்தான் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு முனைக்கு லாரிகள் வராமல் வெளி ரோட்டில் திருப்பிவிடுவார்கள். தெருவே மூச்சு முட்டிக் கிடக்கிறது, இந்தப் பாழாய்ப்போன தாள் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

"இன்னொரு தடவை பெட்டி பக்கத்துல உட்காருங்க" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்த மகராசனுக்கென்ன, மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு எதையும் சொல்லலாம். நீலகண்டனுக்கோ இருமி இருமி விலாவெல்லாம் வலி.

புதுத் தாளை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனவன், பாதி வழியில் எதற்கோ திரும்பினான். எதிர்ச் சாரியில் அவித்த கடலை விற்கும் பூவாயி, இடுப்பில் குடத்தோடு வந்து பெட்டியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"என்னம்மா பண்றீங்க? தூசியை அடக்கிட்டா தாள் எப்படிம்மா கறுக்கும்?"

பூவாயி திருதிருவென்று விழித்தாள்.

"தினமும் இதே வேலையா?"

"ஆமாங்க. நீங்க எழுந்து போறப்பல்லாம் ஒரு குடம் கொண்டாந்து தெளிப்பேன்."

"லாரிக்காரங்க சொல்லிக் கொடுத்தாங்களா?"

"ஐயையோ! அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"நாளெல்லாம் இந்தப் புகையைக் குடிக்கிறது நீங்கதானே? உங்களுக்காகத்தாம்மா நான் இங்க கிடந்து சாவுறேன். உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களே!"

பூவாயி குடத்தைக் கீழே வைத்தாள். தெருக்கோடிக் குழாயிலிருந்து சுமந்து வந்தது அது.

"எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதுங்க, தம்பி. வெளியூர்லேருந்து வந்த புள்ள, இந்தப் புழுதியில உக்காந்து இப்படி இருமுதேன்னு மனசு கேக்கல. அதான் நீங்க உக்கார்ற இடத்துல தெளிச்சேன்."

நீலகண்டன் எதிர்ச் சாரியைப் பார்த்தான். அவளுடைய கடலைக் கூடையைச் சுற்றிலும் புழுதி பறந்துகொண்டிருந்தது.

"அப்ப உங்க இடத்துல ஏம்மா தெளிக்கல?"

"ஒரு குடத்துக்கு மேல தூக்க முடியலீங்க, தம்பி. மூச்சு வாங்குது."