ஆர்தர் மாற்றிய தண்ணீர்

ஆண்டர்சன்பேட்டையில் சாயப்பட்டறை வைத்திருந்த ஆர்தர் ரொம்ப நல்லவர். சர்ச்சுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்தவர். பட்டறைக் கழிவை மட்டும் பின்பக்கக் குழியில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கு உதடு நீலம் பாரித்தபோது, "நாவப்பழம் தின்னிருக்கும்ங்க" என்று ஆறுதல் சொன்னவரும் அவரே.

ஜனங்கள் புகார் கொடுத்தார்கள். ஓர் அதிகாரி வந்து பட்டறை ஓரத்து வாய்க்காலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தார். அது சாவகாசமாக ராபர்ட்சன்பேட்டை பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாய விஷமான அனிலின் அதில் இருந்தால் பட்டறைக்குப் பூட்டு.

ஆர்தர் பிளம் கேக்குடன் கூடத்துக்குப் போனார். கெமிஸ்ட் சங்கமித்ரா மரியாதைக்கு டீ சொல்ல வெளியே போனாள். ஆர்தர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அதிகாரியின் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்து, அலசி, கையோடு கொண்டுவந்த தன் வீட்டு போர் தண்ணீரை நிரப்பி வைத்தார். பட்டறையை ஒட்டிய வீடுதான். ஆனால் தேங்காய்த் தண்ணீர் மாதிரி ருசி.

"எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்றார், டீயை உறிஞ்சியபடி.

"ஐஸ்ல வெச்சி ரெண்டு மருந்து ஊத்துவோம் சார். அனிலின் இருந்தா ஊதாவா மாறிடும்."

"நல்லா தாராளமா ஊத்துங்க!"

மறுநாள் கூப்பிட்டார்கள். அதிகாரி மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். சங்கமித்ரா கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். கத்தரிப்பூ ஊதா.

ஆர்தருக்கு முகம் வெளுத்தது. போனை எடுத்து மனைவியிடம் அலறினார்.

"வின்னி! போர் தண்ணிய யாரும் குடிக்காதீங்க! பேத்திக்குப் பால் கலந்துட்டியா? கொட்டு, கொட்டிடு!"

அதிகாரி மெல்லுவதை நிறுத்தினார்.

"போர் தண்ணியா?" என்றாள் சங்கமித்ரா. "வாய்க்கால் தண்ணிய இன்னா பண்ணீங்க சார்?"

ஆர்தரின் கண் தொட்டிப் பக்கம் போனது. அதிகாரி போலீசுக்குப் போன் போட்டார்.

சங்கமித்ராவுக்கே பாவமாக இருந்தது.

"அவசரப்பட்டுட்டீங்களே சார்... ஆபீசர் அந்தப் பாட்டிலை ஜீப்ல வெயில்லயே போட்டு வெச்சிருந்ததால அனிலின் எல்லாம் அழிஞ்சிபோயி, வந்த அன்னிக்கு டெஸ்ட் பண்ணப்போ ஒண்ணுமே இல்லன்னுதான் வந்துது. எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துட்டு, உங்க பட்டறை சுத்தம்னு எழுதிக் கொடுக்கறதா இருந்தேன்!"