பெயர் சொல்லாத மன்றாட்டு

“முன்வீட்டு ஜெசிந்தாவின்ர பெருமைக்கு இண்டைக்கு ஒரு முடிவு கட்டிறன், இருந்து பாருங்கோ” என்று கணவர் சிறிலிடம் சொல்லிவிட்டுத்தான் எமில்டா மெழுகுதிரியைக் கொளுத்தினாள். செபமாலை மாதம். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த மாதா சுரூபம் அன்று அவள் வீட்டுக்கு வந்திருந்தது.

“பேர் சொல்லியோ மன்றாடப் போறீர்?”

“சீ, பேர் சொன்னால் தீர்ப்பிடுற பாவமெல்லோ! நேற்று மொனிக்கா வீட்டிலயும் ஒரு பெருமைக்காரிக்காகப் பேர் சொல்லாமல்தானே மன்றாடினவை. அவளுக்கு உறைக்கட்டும் எண்டு நான் உரத்துப் பதில் சொன்னனான்.”

ஒழுங்கைச் சனமெல்லாம் கூடிச் சொன்ன செபமாலை முடிந்ததும் எமில்டா கண்ணை மூடிக் குரலைத் தழதழக்க வைத்தாள்.

“ஆண்டவரே, எங்களுக்குள்ள ஒரு சகோதரி இருக்கிறா. மற்றவையில பிழை பிடிக்கிறதுதான் அவவுக்கு வேலை. அவவுக்குத் தாழ்ச்சியைத் தாரும்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

வீடே அதிர்ந்தது. ஜெசிந்தாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. சரியான இடத்தில் பட்டுவிட்டது என்று எமில்டாவுக்கு உச்சி குளிர்ந்தது.

தேநீர் குடித்துவிட்டு எல்லாரும் புறப்படும்போது ஜெசிந்தா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

“அக்கா, ஒவ்வொரு வீட்டிலயும் உங்களுக்காக நாங்கள் இதைத்தானே மன்றாடினனாங்கள்! நேற்று நீங்கள் உரத்துப் பதில் சொல்லேக்கயே எனக்கு அழுகை வந்திட்டுது. இண்டைக்கு உங்கட வாயாலயே கேட்டிட்டியள். என்ன தாழ்ச்சி அக்கா உங்களுக்கு!”

எமில்டா திரும்பிப் பார்த்தாள். சிறில் சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, பக்தியோடு குலுங்கிக்கொண்டிருந்தார்.