தொப்புளுக்குக் கீழே

இடது கால் பெருவிரலுக்கு என் கணவர் சொன்ன விலை, எங்கள் இரண்டு ஜவுளிக் கடைகளில் பெரியது.

“அந்த விலைக்கு இங்க சரக்கு இல்லண்ணே,” என்றார் டாக்டரம்மா, ஊக்கை விரித்துக்கொண்டே. “கண்ணை மூடுங்க. முனை பட்டா கூருன்னு சொல்லுங்க. தலை பட்டா மொட்டை.”

பிற்பகல் வெளிச்சம் போர்வைமேல் பாலாகத் தேங்கியிருந்தது. அவர் அதில் பாதி மூழ்கிக் கிடந்தார். தொப்புளுக்கு மேலே அவர். கீழே அலையில்லாத தண்ணீர்.

கால் இரண்டும் கூரைக்குப் பக்கத்தில் மிதப்பதாகக் காலையில் சொன்னார். அவை கட்டிலில்தான் நீட்டிக் கிடக்கின்றன என்று நான் சொல்லவில்லை.

கிடங்கில் துணிப்பொதி அடுக்கிலிருந்து விழுந்தவர். தண்டுவடம் கழுத்தில் அடிபட்டிருந்தால் கையும் போயிருக்குமாம். நடுமுதுகுக்குக் கீழே பட்டதால் கை தப்பியது.

தப்பிய கை போர்வைக்கு அடியில் என் கையைத் தேடி வந்தது.

கடையில் ஆள் எதிரே நிற்கும்போது நாங்கள் வாயால் பேசுவதில்லை. கல்லாவுக்குக் கீழே விரல் பேசும். ஒரு அழுத்து என்றால், விலையில் இறங்காதே. இரண்டு என்றால், கொடுத்துத் தொலை.

நெஞ்சு, விலா, தொப்புள். எல்லாம் சரியாகச் சொன்னார்.

அதற்குக் கீழே ஊக்கு இறங்கியதும் அவர் முகம், வாங்க வந்தவர் பாதியில் எழுந்துபோன கடைபோல ஆனது.

கீழே எங்காவது உணர்ச்சி மிச்சமிருந்தால் தண்டுவடம் முழுதாக அறவில்லை என்று அர்த்தம். அப்படியானால்தான் பயிற்சிக் கூடத்தில் இடம். இல்லையென்றால் நாளைக்கே சக்கர நாற்காலியோடு வீடு.

ஒருமுறை அழுத்தினேன்.

“கூர்.”

இரண்டுமுறை.

“மொட்டை.”

தொடை, முழங்கால், பாதம். ஈர மணலில் தத்தும் குருவிபோல ஊக்கு போனது. என் விரலும் கூடவே போனது. இல்லாத சரக்கை இவ்வளவு துணிச்சலாக நாங்கள் விற்றதே இல்லை.

“கடைசியா ஒரு இடம் இருக்கு. உக்கார்ற இடம். அக்கா, நீங்க திரைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

நர்ஸ் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கையை விட்டேன். அவர் விரல்கள் காற்றில் கொஞ்ச நேரம் துழாவின.

திரைக்கு வெளியே நின்று வெறுங்காற்றை அழுத்தினேன்.

மின்விசிறி சுற்றியது.

“கூர்,” என்றது அவர் குரல், தூக்கத்தில் பேசுவதுபோல.

பிறகு, “மொட்டை.”

பிறகு, “ஐயோ, மெதுவா டாக்டரம்மா! கடன்காரன்கூட அங்க குத்த மாட்டான்!”

டாக்டரம்மா வெளியே வந்தார். என் வலது கையைப் பார்த்துக்கொண்டே நர்ஸுக்குக் கணக்குச் சொன்னார்.

“தொடை சைபர். முழங்கால் சைபர். பாதம் சைபர். கடைசி இடம், ஒண்ணு.”